உச்சி வெயிலும் ரப்பர் தவளையும்

தூண்டில் கடைத் தொழிலில் மீன் மட்டும்தான் பொய் சொல்லாது.

எழுபதுகளின் நடுவில் ஒரு கோடை முழுவதும் நான் அந்தத் தொழிலில் நின்றேன். ரொறன்ரோவின் கிழக்கே, ஸ்காபரோவில், கிங்ஸ்டன் வீதியோரக் கடை. ஊரில் சவர்க்காரத் தொழிற்சாலையில் சங்கம் கட்டியவன் நான். வேலைநிறுத்தம் நடத்தி மறியலில் கம்பி எண்ணியவன். துண்டுப்பிரசுரம்தான் என் பள்ளிக்கூடம். இங்கே வந்து வெள்ளைக்காரனுக்கு ரப்பர் புழு விற்றேன். கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நின்ற எவருக்கும் நான் மேலே விளக்கத் தேவையில்லை.

கடைக்காரர் வால்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்: ஏரியில் ஐஸ் பிடித்ததும் கடைக்கு ஓர் ஆள் போதும். நாங்கள் இருவர் இருந்தோம். மற்றவன் சேவியர், தூத்துக்குடிக்காரன். கட்டடப் படம் வரையப் படித்துவிட்டு, அந்த வேலை கிடைக்காமல் இங்கே நின்றவன். நாங்கள் ஒரே வாடகை வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் இருந்தோம். என்னை அந்தக் கடையில் சேர்த்துவிட்டதும் அவன்தான். தன் வேலைக்குத் தானே போட்டியை எவனாவது கூட்டி வருவானா? அந்தக் கேள்வி அன்றே எனக்குள் நுழைந்துவிட்டது. எனக்கோ அந்த வேலை கட்டாயம் வேண்டும். ஊரில் இருந்த மனைவியை அழைப்பதென்றால் நிலையான வேலை காட்டவேண்டும் என்று குடிவரவுக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள்.

ஊதாப் புழு

பாஸ் மீன் பிடிப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படகு கரையை நெருங்குமுன் இரையை நூலோடு கத்தரித்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவார்கள். கரையில் நிற்பவன் வெறும் நூலைத்தான் பார்க்கலாம். தலைமறைவு இயக்கங்களில்கூட இவ்வளவு கட்டுப்பாட்டை நான் கண்டதில்லை. இரை என்றால் உயிருள்ளது அல்ல. ரப்பர், மரம், தகடு, இறகு. ஆங்கிலத்தில் லூர் என்பார்கள்; பொய்யிரை என்பது என் சொல்.

ஸ்ட்ரீட்கார் ஓட்டி ஓய்வு பெற்ற ஹரல்ட் இதில் பெரிய கை. ரப்பர் புழுவில் கறுப்பு, சிவப்பு, பச்சை, மண்நிறம், ஊதா என்று ஐந்து நிறம் வாங்குவார். எல்லாம் மருமகனுக்காம். ஐந்தில் நான்கு ஊரை ஏமாற்ற என்று எனக்கு இரண்டாவது தடவையே பிடிபட்டது. கோடையில் கலங்கிய குளத்தில் மீன் எடுத்தது ஊதா மட்டும்தான். ஒருநாள் நான் புழுக்களைப் பையில் போடும்போது அவர் கவுண்டருக்கு மேலால் குனிந்து, உதடு அசையாமல் சொன்னார்: "ஊதாவை நடுவில் வை. எனக்குப் பின்னால் நிற்பவன் என் மைத்துனன்."

மெதுவாக இழு

பொய்யிரை செய்யும் கம்பனிகள் கடைக்குப் பிரசுரம் அனுப்பும். பிரசுரம் எழுதிய கை வேறொரு கையின் பிரசுரத்தை ஒருபோதும் நம்பாது. கலங்கல் தண்ணீருக்குத் தகடு சுழலும் ஸ்பின்னர், தெளிந்த தண்ணீருக்கு மெல்லிய நூலும் மங்கல் நிறப் புழுவும், காற்றடித்து அலை எழுந்தால் வேகமாக ஓடும் பிளக் என்கிற மர மீன், விடியலிலும் மாலையிலும் மேலே மிதக்கும் இரை. ஒவ்வொன்றையும் வாசித்துவிட்டு, இதனால் யாருக்கு லாபம் என்று கேட்டேன். வானம் மாறும்போதெல்லாம் ஒரு சாமான் விற்றால் யாருக்கு லாபம் என்பது தெரிந்ததுதானே. ஆனாலும் ஞாயிறுகளில் சேவியரோடு பஸ்ஸும் நடையுமாகப் போய் ஏரியில் சோதித்துப் பார்த்தேன். பாதி உண்மை. பாதி உண்மைதான் ஆபத்தான பிரசுரம்.

மொரீன் என்று ஒரு தாதி வருவாள். வடக்கிலிருந்து குளிர் காற்று அடித்து ஓய்ந்த மறுநாள், வானம் பளிச்சென்று இருக்க, மீன் வாயே திறக்கவில்லை என்று வந்தாள். அப்படிப்பட்ட நாளில் எந்தப் புது இரையும் உதவாது என்று சொன்னேன். பெட்டியில் இருக்கும் மிகச் சிறிய புழுவைப் போடு, அடியில் கிடக்க விடு, இழுத்தது உனக்கே தெரியாதபடி மெதுவாக இழு. அவள் ஒன்றும் வாங்காமல் போனாள். மறுவாரம் மீன் பிடித்த கதையோடு வந்து எனக்கு நன்றி சொன்னாள். அப்போதும் ஒன்றும் வாங்கவில்லை. வால்டர் அவள் போகும்வரை சிரித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்: "மெதுவாக இழுப்பதை நாங்கள் இந்தக் கடையில் விற்பதில்லை."

பின்னறை

அதற்குப் பிறகு நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் சேவியர் வால்டரின் பின்னறைக்குள் போவான். கதவு சாத்தப்படும். நான் பெட்டி எடுக்கிற சாட்டில் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும், மேசையில் ஏதோ கவிழும். முதலாளியின் அறைக்குள் அடிக்கடி போகிறவன் யார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வேலைநிறுத்தத்தைக் காட்டிக்கொடுத்தவனும் அப்படித்தான் போய்வந்தான், முகத்தில் இதே அப்பாவித்தனத்தோடு.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் நேரே கேட்டேன்.

"என்ன தம்பி, உள்ளுக்கை கனநேரம்?"

"சும்மா பேசிக்கிட்டிருந்தோம் அண்ணாச்சி."

"என்னைப் பற்றியோ?"

அவன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னான்: "உங்களப் பத்திப் பேச என்ன அண்ணாச்சி இருக்கு?"

தவளை

உளவாளியைப் பிடிக்கச் சங்கத்தில் ஒரு முறை வைத்திருந்தோம். சந்தேகப்பட்டவனின் காதில் மட்டும் ஒரு பொய்யைப் போடுவது. அது நிர்வாகத்தின் வாயிலிருந்து வந்தால் ஆள் அவன்தான். சேவியருக்கென்று ஒரு பொய் தயாரித்தேன். கடையின் அடித்தட்டில் ரப்பர் தவளைகள் ஒரு பெட்டி நிறையத் தூசி பிடித்துக் கிடந்தன. மேலே மிதக்கிற இரை, விடியலிலும் மாலையிலும் மட்டும்தான் பயன்படும் என்பது எல்லாருடைய கட்சியும். நான் சேவியரிடம், "ஒருத்தருக்கும் சொல்லாதை தம்பி. உச்சி வெயில் கொளுத்தேக்கை, பாசிப் படைக்கு மேலாலை தவளையை இழுத்தால் பெரிய பாஸ் பாயும்" என்றேன்.

"ஏரியிலயா? நட்ட நடு மத்தியானத்துலயா?"

"ஓம். நானே கண்டனான்."

ஒரு கிழமை காத்திருந்தேன். வால்டர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தவளைகள் குறைந்துகொண்டு வந்தன. முதலில் யாரோ ஒருவன், பிறகு அவனுடைய மைத்துனன், பிறகு முகம் தெரியாத ஆட்கள் பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து காரில் வந்து தவளை கேட்டார்கள். சனிக்கிழமை பெட்டி காலி. சேவியர் வருகிற போகிற எல்லாருக்கும் சொல்லியிருக்கிறான். உளவாளி என்றால் முதலாளிக்கு மட்டுமல்லவா சொல்வான்? இது என்ன புதுவிதம் என்று எனக்குப் புரியவில்லை. அதைவிடப் பெரிய குழப்பம், பொய் பலித்தது. வெயில் ஏற ஏறப் பெரிய மீன்கள் பாசிக்குக் கீழே நிழலில் ஒதுங்கி, தலைக்கு மேலே ஏதாவது நகருமா என்று பார்த்துக்கொண்டு கிடக்குமாம். ஹரல்ட் வெயிலில் சிவந்த முகத்தோடு வந்து என்னை ஒதுக்குப்புறமாக இழுத்தார்: "இந்தத் தவளை விஷயத்தை இவ்வளவு காலம் என்னிடம் மறைத்தவன் யார்?"

கதவு சாத்திய பேச்சு

இலையுதிர்காலத் தொடக்கத்தில் வால்டர் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "அந்த மத்தியானத் தவளைக் கதை உன்னுடையது என்று சேவியர் சொல்கிறான். உண்மையா?"

என் உடம்பு தானாகவே நிமிர்ந்தது. இந்த அறையை எனக்குத் தெரியும். இதே கேள்வியை ஒரு முகாமையாளர் என்னிடம் கேட்டிருக்கிறார், மேசையில் எங்கள் பிரசுரத்தை விரித்து வைத்துக்கொண்டு. அன்று நான் ஒப்புக்கொண்டிருந்தால் இன்னும் பலர் வேலை இழந்திருப்பார்கள். வாடிக்கையாளருக்குப் பொய் சொன்னவன் என்று வால்டர் என் கணக்கை முடிக்கப் பார்க்கிறார், காட்டிக்கொடுத்தவன் சேவியர். எல்லாம் பொருந்தியது.

"எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்றேன்.

"நன்றாக யோசித்துச் சொல்."

"யோசிக்க ஒன்றும் இல்லை. நான் சொல்லவில்லை."

வால்டர் தோளைக் குலுக்கினார். "அப்படியானால் அது சேவியருடையது. தவளையை விற்ற கதை யாருடையதோ, அவனைத்தான் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வதாக இருந்தேன்."

ஐஸ் பிடித்ததும் நான் வெளியே வந்தேன். பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் புதிதாகத் தொடங்கினேன். நிலையான வேலைக்கான காலமும் அதனுடன் புதிதாகத் தொடங்கியதால், மனைவி வருவது ஒரு வருடம் தள்ளிப்போயிற்று. ஆனால் அந்தப் பேச்சு நடந்த பின்னேரமே சேவியர் பஸ் தரிப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன் அண்ணாச்சி இல்லன்னு சொன்னீங்க? ஊர்லருந்து மதினி வரணும்னுதானே உங்க பேரச் சொன்னேன்."

"வெள்ளிக்கிழமையளிலை உள்ளுக்கை என்ன செய்தனி? அதை முதல்லை சொல்லு."

"ஏரிப் படம் வரைஞ்சேன். எங்க பாசி, எங்க பாறைன்னு. வால்டர் மீன் பிடிக்கப் போற இடமெல்லாம் அதுல இருக்கு, யாருக்கும் காட்டக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. அத விடுங்க. நாளைக்குக் காலைல போயி, நாந்தான் சொன்னேன்னு சொல்லிருங்க. நான் எப்படியாச்சும் பாத்துக்கிறேன்."

ஏரிப் படத்தை நான் கண்ணால் கண்டதில்லை. கண்டிருந்தாலும் என் பதில் மாறியிருக்காது. "நிர்வாகத்துக்குச் சொன்ன சொல்லை மாத்திற பழக்கம் எனக்கு இல்லை" என்றேன்.

பஸ் வந்து நின்றது. சேவியர் ஏறாமல் ஓட்டுநரைப் போகும்படி கையசைத்தான். பிறகு சொன்னான்: "அண்ணாச்சி, அவரு நிர்வாகம் இல்ல. வால்டர்."

தூண்டிலைக் கடிக்காத மீனுக்கு அன்றைக்குப் பெருமை உண்டு, சாப்பாடு கிடையாது.