டோக்கன் திருடியும் சுழல் நாற்காலியும்

சோப்புக் கம்பெனியில் காகிதம் சுற்றும் பிரிவில் அவளைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். வாய் அப்படி. புதிதாக வந்த மேனேஜர் அந்தப் பிரிவுக்கென்று ஒரே ஒரு மரக்கட்டை டோக்கனை ஆணியில் மாட்டினார். அதை எடுத்துக்கொண்டு போனால்தான் கழிப்பறை. திருப்பி மாட்டிய பிறகுதான் அடுத்தவள். என்ன ஒரு மூளை, மகராசனுக்கு! ஒருநாள் வேலை முடிந்ததும் பட்டாசு அந்த டோக்கனை இடுப்பில் செருகியபடியே வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த ஷிஃப்ட் பெண்களுக்கு ஒரே கொண்டாட்டம், டோக்கனே இல்லை என்று சொல்லி இஷ்டத்துக்குப் போய் வந்தார்கள். மறந்துபோனாளா, வேண்டுமென்றே செய்தாளா என்று கேட்டால் இன்றைக்கும் சிரிப்பாளே தவிர வாய் திறக்க மாட்டாள்.

காலையில் கொண்டுவந்து கொடுத்தாள். ஆனாலும் மேனேஜர் விடவில்லை. கம்பெனிச் சொத்தைத் திருடியவள் என்று எழுதி வேலையைவிட்டே அனுப்பிவிட்டார்.

பட்டாசு வழக்குப் போட்டாள். தொழிலாளர் நீதிமன்றம், இதெல்லாம் ஒரு திருட்டா என்று கேட்டு, மறுபடி வேலையில் சேர்க்கவும் இடைப்பட்ட காலத்துச் சம்பளத்தைக் கொடுக்கவும் உத்தரவு போட்டது. கம்பெனி சும்மா இருக்குமா? மேல் கோர்ட்டுக்குப் போனது. பட்டாசுக்குச் சம்பளம் வேண்டும்தான். அதைவிட, திருடி என்ற பேர் போக வேண்டும். அதே கேட் வழியாக உள்ளே நடக்க வேண்டும்.

மேல் கோர்ட்டில் விசாரணை நடந்த அன்றைக்குக் கம்பெனி வக்கீல் எழுந்து ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "இந்தம்மா வேலையில்லாம கஷ்டப்பட்டதா சத்தியம் பண்ணியிருக்காங்க. ஆனா பெரிய ஜவுளிக்கடையில சூப்பர்வைசரா இருக்காங்க. ஏசி ரூம், சுழல் நாற்காலி, கைக்குக் கீழ பன்னிரண்டு பேர். சொன்னது யாரு? இவங்க வீட்டுக்காரரே!"

வீட்டுக்காரர் தையல்காரர். கால்சட்டை நீளம் குறைக்க வந்த ஒருவரிடம் பெருமையாக அளந்துவிட்டிருக்கிறார். வந்தவர் அந்தக் கம்பெனியின் கணக்குப் பிள்ளை. இப்போது அவர் சாட்சி. பட்டாசு திரும்பிப் பார்த்தாள். கடைசி பெஞ்சில் இருந்த தையல்காரர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

சாப்பாட்டு இடைவேளையில் புருஷனைத் தாழ்வாரத்தில் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், அந்தச் சுழல் நாற்காலி எங்கேர்ந்துய்யா வந்துச்சு?"

"பேச்சுவாக்குல வந்துருச்சு."

"பன்னிரண்டு பேரு?"

"முதல்ல நாலு பேருன்னுதான் சொன்னேன்."

"நான் பொய்ச் சத்தியம் பண்ணினவளாயிட்டேன். உள்ள வந்து உண்மையைச் சொல்லு."

"நாலு பேரு முன்னாடியா?"

"பன்னிரண்டு பேரு முன்னாடி சொல்லு!"

இடைவேளை முடிந்ததும் அவர் அனுமதி கேட்டுச் சாட்சிக் கூண்டில் ஏறினார். "எல்லாமே பொய்ங்க ஐயா. டோக்கன் திருடி புருஷன்னு கடைக்கு வர்றவங்க எல்லாம் சிரிச்சாங்க. வெக்கமா இருந்துச்சு. அவ திருடி இல்லைன்னு எனக்குத் தெரியும். அதை வாயத் தொறந்து சொல்லத்தான் எனக்குத் துப்பில்ல."

பட்டாசு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இத்தனை நாளும் இந்த மனுஷன் தன்னைப் பார்த்து வெட்கப்பட்டாரா?

வக்கீல் விடவில்லை. "அப்போ இத்தனை நாளா சும்மாவா இருந்தாங்க?"

"என் கடையில பட்டன் தைச்சா."

"பாத்தீங்களா ஐயா, வேலை!"

"சம்பளம் குடுத்தீங்களா?" என்றார் நீதிபதி.

தையல்காரர் வாயைத் திறப்பதற்குள் பட்டாசு வெடித்துவிட்டது. "சம்பளமா? ஒரு டீ வாங்கிக் குடுத்ததில்லைங்க ஐயா!"

கோர்ட்டே சிரித்தது. கணக்குப் பிள்ளைகூடச் சிரித்தார். நீதிபதி, இடையில் பேசக்கூடாது என்று அவளை அதட்டிவிட்டு, தையல்காரரிடம், "இனிமே துணியை மட்டும் அளங்க, கதையை அளக்காதீங்க" என்றார். கீழ்க் கோர்ட்டின் உத்தரவு செல்லும் என்று தீர்ப்பானது. வேலையும் உண்டு, விட்டுப்போன சம்பளமும் உண்டு.

முதல்நாள் கேட் வரைக்கும் தையல்காரர் கூடவே வந்தார். எதிரே வந்தவர்களிடமெல்லாம், "சோப்புக்குக் காகிதம் சுத்தப் போறா! சூப்பர்வைசர் இல்ல, திருடியும் இல்ல!" என்று கூவினார்.

"போதும்யா, மானம் போகுது" என்றாள். ஆனால் வாயை மூடச் சொல்லவில்லை.

உள்ளே அதே ஆணியில் அதே டோக்கன். அவசரம் ஒன்றுமில்லை, ஆனாலும் எடுத்துக்கொண்டு மேனேஜரின் கண்ணாடி அறையை ஒட்டி மெதுவாக நடந்தாள். திரும்பி வந்து, பிரிவே பார்க்க, அதை ஆணியில் மாட்டினாள்.