மேலே ஆள் இருக்கான்

இளையபெருமாள் செஞ்சியில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் முகம் தெரியாது. போஸ்ட் மேலே நிற்கும்போது கீழேயிருந்து பார்த்த பாதங்கள்தான் தெரியும். கரண்ட் போனால் அவரைத் திட்டுவார்கள், வந்தால் மறந்துவிடுவார்கள். அதைப் பற்றி அவருக்கு வருத்தமே கிடையாது. எல்.சி. விஷயத்தில் மட்டும் யாரும் விளையாடக் கூடாது, அவ்வளவுதான்.

எல்.சி. என்றால் லைன் கிளியர். போஸ்டில் ஏறுமுன் சப்ஸ்டேஷனுக்குச் சொல்லி லைனை நிறுத்தி வாங்குவது. யார் பெயரில் வாங்கினதோ அவரேதான், ஏறின ஆளெல்லாம் இறங்கிவிட்டார்களா என்று கண்ணால் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்குகிற சப்ஸ்டேஷன்காரர் அதை வார்த்தை மாறாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கரண்ட். கலெக்டரே வந்து அவசரம் என்று நின்றாலும், "மேல ஆள் இருக்கான்" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார் இளையபெருமாள்.

அவருடைய ஒரே மகள் கலைச்செல்வி அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். ஊரார் அப்பன்களுக்கெல்லாம் ஸ்பூனால் கஞ்சி ஊட்டுகிறாள்; சொந்த அப்பனிடம் "சாப்டியா நைனா" என்று போனில் கேட்பதோடு சரி. அது அவளைக் குத்தாத நாளே இல்லை. அங்கே கூட்டிப் போகவும் வழியில்லை, விசா கிடைக்கவில்லை. அம்மா போன பிறகு அவருக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை, கடைசியில் தான் ரிட்டயர் ஆனதையே மறந்தார். வீட்டோடு பார்த்துக்கொள்ள வந்த வளர்மதி என்கிற அம்மாள், மிக்சி ஒயரையும் டிவி ஒயரையும் அவர் கட்டிங் பிளேயரால் நறுக்கிப் போட்ட அன்றே கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டாள். போன மழையில் கரண்ட் நின்றபோது தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் போஸ்டில் பாதி ஏறிவிட்டார். தெருவே திரண்டு கெஞ்சிக் கூத்தாடி இறக்கியது. அடுத்த மழையில் யார் கண்ணிலும் படாமல் ஏறிவிடுவாரோ என்று நினைத்து நினைத்து அவளுக்குத் தூக்கம் போயிற்று.

அதனால்தான் திண்டிவனம் சாலையில் ஒரு இல்லத்தைப் பிடித்தாள். எல்லாம் போனிலேயே. கட்டில், ஜன்னல், கக்கூஸில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்பது வரை வீடியோவில் காட்டச் சொல்லிப் பார்த்தாள். கட்டிலுக்கு இன்னொரு குடும்பம் காத்திருக்கிறது, இன்றைக்குச் சாயந்திரத்துக்குள் வந்தால்தான் உண்டு என்றார்கள். சித்தி மகன் தேவேந்திரன் கார் கொண்டு போவதாக ஏற்பாடு. இவ்வளவு பார்த்தவள் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. இன்று செஞ்சியில் மாதாந்திரப் பராமரிப்பு. காலையிலிருந்தே கரண்ட் கிடையாது. லைன்மேன் மகள் மறக்கக்கூடியதா அது!

டூட்டிக்கு நடுவில் தேவேந்திரன் வீடியோவில் கூப்பிட்டபோது, துணி அடுக்கும் அறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அக்கா, பெரியப்பா டிரான்ஸ்பார்மர்கிட்ட நிக்கிறாரு. கூப்ட்டா வரமாட்டேன்றாரு."

போனில் தெரிந்தார். எங்கிருந்தோ தேடியெடுத்த பழைய காக்கிச் சட்டை, இடுப்பில் பிளேயர். ஒரு கை போஸ்டைப் பிடித்திருந்தது. பின்னால் ராஜகிரிக் கோட்டை மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

"கையப் புடிச்சி இட்டாந்துடுடா."

"கிட்ட போனா ஏறிப்புடுவேன்றாரு. கரண்டு எப்ப வேணா வந்துடும்க்கா."

மறதிக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று அங்கே வகுப்பே எடுத்திருந்தார்கள். ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"நைனா, நான் கலை பேசறன். கார்ல ஏறு நைனா."

"நீ வூட்ல இரும்மா. மேல ஆள் இருக்கான். பீமாராவ் இருக்கான். எல்.சி. எம்பேர்ல இருக்குது."

பீமாராவ் அவருடைய கூட்டாளி. ஒருவர் ஏறினால் மற்றவர் கீழே நிற்பார். மஞ்சள் காமாலையில் செத்து எத்தனையோ வருஷமாகிறது. பாடைக்குத் தோள் கொடுத்தவரே இளையபெருமாள்தான். போஸ்ட் மேலே ஒரு காக்கைகூட இல்லை.

"அக்கா, ஒரு கால தூக்கி வச்சிட்டாருக்கா!"

கலைச்செல்வி தன் முகம் தெரியாதபடி வீடியோவை நிறுத்தினாள். தொண்டையைக் கனைத்துக் குரலை மாற்றிக்கொண்டாள்.

"இளையபெருமாளா? சப்ஸ்டேஷன் பேசறம். எல்.சி. ரிட்டன் குடுங்க."

அவர் விறைத்து நின்றார். "குடுக்க முடியாது சார். பீமாராவ் மேல இருக்கான்."

"பீமாராவ் எறங்கிட்டாரு. வண்டில உக்காந்துக்கினு உங்களத்தான் தேடறாரு."

சொல்லிவிட்டாள். அவர் அண்ணாந்து பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். கண்ணாடி கறுப்பு, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. மறுபடியும் அண்ணாந்து பார்த்தார். மெதுவாகக் கால் இறங்கியது. தேவேந்திரன் கதவைத் திறந்து அவரை உட்காரவைத்து, ஓடிப்போய் வண்டியை எடுத்தான்.

கடைத்தெரு தாண்டுவதற்குள் கடைகளில் விளக்கு எரிந்தது. "கரண்டு வந்துடுச்சுக்கா" என்றான் தேவேந்திரன். கலைச்செல்வி துணிக் குவியல் மேல் உட்கார்ந்து அழுதாள். ஆள் பிழைத்ததற்கு அழுதாள். நைனா ஆயுசில் ஒருநாளும் பொய் சொல்லாத இடத்தில் தான் பொய் சொன்னதற்கும் அழுதாள்.

காரில் இளையபெருமாள் பக்கத்து சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஊர் எல்லை தாண்டியதும் போனைக் கேட்டு வாங்கினார்.

"கலை."

தூக்கிவாரிப் போட்டது. "இன்னா நைனா?"

"பீமாராவ் செத்துப்பூட்டான் இல்ல?"

"ஆமா நைனா."

"எறங்காத ஆள எறங்கிட்டான்னு சொல்லக்கூடாதும்மா. உசுரு போயிடும்."

"தப்புதான். உன்ன எறக்க எனுக்கு வேற வழி தெரியல நைனா."

அவர் திரும்பிப் பார்த்தார். பின்கண்ணாடியில் கோட்டை சின்னதாகிக்கொண்டே போனது. மகள் என்ன செய்துகொண்டிருக்கிறாள், தன்னை எங்கே அனுப்புகிறாள் என்று அந்த நேரத்துக்கு அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. பிறகு டூட்டியில் பேசும் குரலில் பேசினார்.

"எல்.சி. ரிட்டன். மேல யாரும் இல்ல. இளையபெருமாளும் எறங்கிட்டான்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் முறை.

"எல்.சி. ரிட்டன்" என்றாள் கலைச்செல்வி. "மேல யாரும் இல்ல." அதற்கு மேல் வாய் வரவில்லை.

"முழுசா சொல்லும்மா" என்றார் நைனா. "நீ சொன்னாத்தான் நான் போனை வைக்க முடியும்."