மூன்று கடை, ஒரே கன்டெய்னர்

போன மாதம் முழுக்க நான் கப்பல் பார்த்துக்கொண்டிருந்தேன். கடற்கரையில் நின்று அல்ல. பலாங்கொடை பஸாரில், என் தையல் கடையில், மெஷினுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்த போனில். நீலக் கடலில் ஒரு சின்னப் பச்சைப் புள்ளி. காலையில் பார்த்தாலும் அங்கேதான், மாலையில் பார்த்தாலும் அங்கேதான்.

அந்தப் புள்ளிக்குள்தான் பதினொரு பெண் பிள்ளைகளின் கவுன் துணி இருந்தது. மலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் முதல் நற்கருணை. ஃபாதர் மாதத்துக்கு ஒரு முறைதான் மேலே வருவார், ஞாயிற்றுக்கிழமையும் குறித்தாயிற்று. வருடா வருடம் அந்த வெள்ளை கவுன்களைத் தைப்பது நான்தான். சாட்டின், அதன் மேல் நெட். இரண்டும் கப்பலில் வருபவை.

நான் தயாராகத்தான் இருந்தேன்... அதுதான் எரிச்சல். போன வருடம் ஒரே கடையை நம்பி, துணி கடைசி நேரத்தில் வந்து, பூசைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து பட்டன் தைத்தவள் நான். பிறகு சிறு தொழில் செய்யும் பெண்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றுக்குப் போனேன். டை கட்டிய ஒருவர், "ஒரே ஆளை நம்பி இருக்காதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கோடு போட்டு எழுதிக்கொண்டேன். இந்த வருடம் கொழும்பு புறக்கோட்டையில் மூன்று கடைகளில், மூன்று மாதம் முன்பே ஆர்டர் கொடுத்தேன். மூன்றிலும் முழு ஆர்டர். ஒன்று தவறினால் ஒன்று வரும் அல்லவா? மிஞ்சினால் அடுத்த வருடத்துக்கு ஆகும்.

ஒன்றுமே வரவில்லை. எங்கோ சண்டையாம், கப்பல்கள் சுற்றி வருகின்றனவாம், கொழும்புத் துறைமுகத்தில் நெரிசலாம். முதல் கடைக்காரர் கப்பலின் பெயரையும் கன்டெய்னர் நம்பரையும் ஏற்கனவே அனுப்பியிருந்தார். இரண்டாமவர் தினமும் "நாளைக்கு" என்றார். மூன்றாமவர் என் தொல்லை தாங்காமல், நீங்களே பாருங்கள் என்று அவருடைய கன்டெய்னர் நம்பரை வாட்ஸ்அப்பில் போட்டார். பார்த்தேன். முதலாமவர் அனுப்பியதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கு எழுத்து, ஏழு இலக்கம்... இரண்டும் ஒரே நம்பர்.

இரண்டாம் கடைக்குப் போன் போட்டு அந்த நம்பரை வாசித்தேன்.

"ஓ தங்கச்சி, எங்கட சாமானும் அதுலதான்" என்றார் அவர் சாவகாசமாக. "நாங்க எல்லாரும் சேந்து தானே ஒரு கன்டெய்னர் எடுக்கிற. தனியா எடுக்க ஏலுமா?"

மூன்று பேரை நம்பியதாக நினைத்து ஒரே ஒரு பெட்டியை நம்பியிருக்கிறேன். யாரைத் திட்டுவது? பால் வெள்ளையா, முத்து வெள்ளையா என்று மூன்று கடையிலும் அரை அரை மணி நேரம் விசாரித்தவள், சாமான் எதில் வருகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடை வைத்திருக்கும் வாசகர்களே, சப்ளையர் எத்தனை பேர் என்று எண்ணிச் சந்தோஷப்படாதீர்கள். அத்தனை பேருடைய சரக்கும் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேளுங்கள்.

பூசைக்கு இன்னும் ஒன்பது நாள். அன்றைக்குப் பார்த்து ஜெசிந்தா வந்தாள். அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். கூடவே, அளவு கொடுக்க மகள் நிரோஷா. இந்தப் பிள்ளை போன வருடமே நற்கருணை வாங்கியிருக்க வேண்டும். அந்த வாரம் பார்த்து நுளம்பு கடித்து டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நான் தைத்த கவுன், வீட்டுக்கு வந்து ஒரு தடவை போட்டுப் பார்த்ததோடு சின்னதாகிப் போனது.

"கப்பல் வரலேன்னா என்னங்கக்கா செய்யிறது?" என்றாள் ஜெசிந்தா. "இந்த வருசமும் விட்டுப்போச்சுன்னா, இனி சின்னப் புள்ளைங்களோட போய் நிக்க மாட்டேன்னு சொல்லுதுங்க."

நிரோஷா என் போனில் இருந்த பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

பக்கத்துத் துணிக்கடை சோமா அக்கா எட்டிப் பார்த்தார். சிங்களவர். பன்னிரண்டு வருடமாக எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைதான். என் புலம்பல் ஒன்று விடாமல் அவர் காதில் விழும்.

"நங்கி, சுது ரெதித? மகே கடே பிரிலனே" என்றார். தங்கச்சி, வெள்ளைத் துணியா, என் கடை நிறைய இருக்கிறதே என்று.

இருக்கத்தான் செய்தது. போயா என்னும் பௌர்ணமி தினத்தில் விகாரைக்குப் போய் சில் எடுத்து நோன்பிருக்கும் பௌத்தர்கள் உடுத்தும் வெள்ளைப் பருத்தித் துணி, கட்டுக் கட்டாக, கூரை வரை. ஓரத்துக்கு லேஸும் உண்டு. மாதா மாதம் போயா வருவதால் சோமா அக்கா ஸ்டாக்கைக் குறைய விடுவதே இல்லை. அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அந்தக் கட்டுகளைத் தாண்டித்தான் நான் தினமும் பிளேன்டீ குடிக்கப் போகிறேன். எங்களுக்கு அது அவர்களுடைய துணி. அதனால் கண்ணில் பட்டதே இல்லை.

"சில் துணியாச்சே... ஃபாதர் ஏதாவது சொல்லிட்டார்னா?" என்று இழுத்தேன்.

ஜெசிந்தா துணியைத் தடவிப் பார்த்தாள். "தச்ச பெறகு இது கவுனுதானுங்களே அக்கா. எந்தக் கடைத் துணின்னா ஃபாதர் விசாரிக்கப் போறாரு?"

எட்டு நாளில் பதினொன்றையும் தைத்து முடித்தேன். ஞாயிறு காலை வரிசையில் எல்லாரையும் விட உயரமாக நிரோஷா நின்றாள். ஃபாதர் எதையும் விசாரிக்கவில்லை. பூசை முடிந்து வந்தவளிடம், புடிச்சிருக்கா என்று கேட்டேன்.

"குத்தவே இல்லக்கா" என்றாள். "போன வருசம் போட்டுப் பாத்தது கழுத்தெல்லாம் குத்துச்சு."

வருடா வருடம் பூசை முழுக்கப் பிள்ளைகள் கழுத்தைச் சொறிவதை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நுளம்பு கடிக்கிறது என்று நினைத்திருந்தேன்.

கன்டெய்னர் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று கடைக்காரர்களும் அன்றைக்கே போன் செய்து நல்ல செய்தி என்றார்கள். மூன்று பார்சல் சாட்டினும் நெட்டும் என் கடை மூலையில் கிடக்கின்றன. அடுத்த வருடத்துக்குச் சொல்லி வைக்க வந்த தாய்மார், "நிரோஷா போட்ட துணியிலயே தைங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

யாருக்காவது நுளம்பு வலை தைக்க வேண்டுமா?