நான் சொல்லாத சாட்சி

ரீட்டாவை அவள் கணவன் சந்தேகப்பட்டபோது, அவள் குற்றமற்றவள் என்று அறிந்திருந்தவள் நான். அறிந்தும் வாய் திறக்கவில்லை... போதுமா உனக்கு? இன்னும் இருக்கிறது, கேள்.

ரீட்டா என் கொழுந்தன் அந்தோணியின் மனைவி. நானோ, பாகூர்ப் பக்கத்து எங்கள் ஊரின் அன்பிய ஜெபக் கூட்டத்தில் பெண்களுக்கு விவிலியம் விளக்குகிறவள். எனக்குப் பிள்ளை இல்லை.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் திருப்பலியில் பாலன் இயேசுவின் சுரூபத்தைக் குடிலுக்கு ஏந்திச் செல்பவள் பிள்ளை வரம் கேட்கிற பெண். ஒன்பது வருடம் நான் ஏந்தினேன். பத்தாம் வருடம், "புதுசா வந்தவ தூக்கட்டும்" என்றார்கள். ரீட்டா ஒரே ஒரு முறை ஏந்தினாள். கல்யாணம் முடிந்த கையோடு துபாய்க்குப் போயிருந்த அந்தோணி, ஜனவரியில் பத்து நாள் விடுப்பில் வந்து போனான். அவள் உண்டாகிவிட்டாள்! எனக்கு வயிறு எரிந்தது. அதற்கு வேறு பெயர் வைக்க மாட்டேன்.

ஸ்கேன் எடுக்க அவளோடு பஸ் ஏறிப் போனவள் நான். அக்டோபரில்தான் பிரசவம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டவளும் நான். இரத்த அழுத்தம் ஏறியதால் ஆகஸ்டிலேயே குழந்தையை எடுத்துவிட்டார்கள். மாமியார் விரல் மடக்கி ஜனவரியிலிருந்து எண்ணினார், ஏழுதான் வந்தது; குறைமாதப் பிள்ளை என்பதை நம்பவில்லை. மகனுக்குப் போன் போட்டார். அவன் எனக்குப் போட்டான்.

"அண்ணி, அம்மா இன்னான்னாவோ சொல்லுது. நீங்க பைபிள் படிக்கிறவங்க. நீங்க சொன்னா நம்பிடறேன்."

"எனக்கு இன்னா தெரியும் தம்பி? அவளத்தான் கேக்கணும்."

அக்டோபர் தேதி போட்ட அந்த ஸ்கேன் காகிதம் அப்போது என் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருந்தது. வைத்தவள் நான்தான்.

"சந்தேகப்பட்டதுக்கு அப்பால நான் இன்னாத்த காட்டறது?" என்று ரீட்டா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரையாம்புத்தூரில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்று வருடமாகிறது.

போன வாரக் கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்: "ஆம்பள இல்லாம புள்ளன்னா எப்பிடிக்கா நம்பறது?"

மத்தேயுவும் சொல்கிறார், லூக்காவும் சொல்கிறார் என்றேன். எசாயா முன்பே அறிவித்தார் என்றேன். யோசேப்பும் முதலில் கலங்கி, மரியாளை ஓசையில்லாமல் விலக்கிவிட நினைத்தவர்தான். வானதூதர் கனவில் வந்து சொன்ன பிறகே ஏற்றார் என்றேன். இத்தனை சாட்சி போதாதா? எல்லோரும் தலையசைத்தார்கள்.

மரியாள் கன்னி என்பதை முழுமனதோடு நம்புகிறேன். அதில் பொய்யில்லை. ஆனால் யோசேப்புக்குத் தூதர் கிடைத்தார்... அந்தோணிக்கு நான் கிடைத்தேன்!

இப்போதாவது சொல்லலாமே என்கிறாயா? சொன்னால் அவள் திரும்பி வருவாள். அந்தப் பிள்ளை நாள் முழுக்க என் கண்ணெதிரே விளையாடும். என்னால் தாங்க முடியுமா?

நேற்று ரீட்டா போன் செய்தாள். "அவரு மனசு மாறணும்னு வேண்டிக்கோக்கா. நீ கேட்டா மாதா குடுப்பா."

"வேண்டிக்கிறேன்டி" என்றேன்.

பின்னாலிருந்து அவள் மகன் "பெரிம்மா" என்றான். நான் உருகியிருக்க வேண்டும்... போனை வைத்தேன். வேண்டவில்லை.