ஹப்ஸாவின் கூரையும் வாயும்

கல்முனைக்குடியில் ஹப்ஸாவின் வீட்டுக்குப் போகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, காலையும் ஒரு தரம் பார்த்துக்கொள்வார்கள். அப்படியொரு சுத்தக்காரி. கணவர் மௌத்தாகிப் பதினொரு வருடம். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து ஒற்றை மகள் அப்னாவை ஆளாக்கினாள். மாவு பறக்கிற தொழில்தான், ஆனாலும் அவள் சமைக்கிற குசினி நிலத்தில் ஒரு பொட்டு மாவைக் காண முடியாது. ஊரில் அவளைப் பற்றி வேறு குறை இல்லை, வாயைத் தவிர. தன் சுத்தத்தைத் தானே நாலு பேருக்குச் சொல்லாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அப்னாவை மருதமுனை மைமூனாவின் மகன் றஸ்மிக்குப் பேசி, ஜனவரியில் நிக்காஹ் என்று முடிவாகியிருந்தது. இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீட்டைப் பெண்ணின் பேரில் எழுதிக் கொடுப்பார்கள். ஆகவே பெண்ணைப் பெற்றவளுக்கு முதல் கவலை வீடு. ஹப்ஸாவின் வீடு அவளுடைய உம்மா கொடுத்தது, கூரைக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

நவம்பர் கடைசியில் அடித்த சூறாவளி முன்பக்கத்து ஓடுகளை வாரிக்கொண்டு போயிற்று. பின்பக்கம் முகடு சரிந்து, குசினியில் நின்றால் வானம் தெரிந்தது. மைமூனா வீட்டிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, கூரை முடியட்டும், பிறகு திகதியைப் பார்ப்போம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த மரியாதைதான் ஹப்ஸாவைச் சுட்டது. பிறகு பார்ப்போம் என்று சொன்ன எத்தனை கல்யாணங்கள் பிறகு நடந்தன என்று அவளுக்குத் தெரியும்.

கையில் இருந்த ஒரே நம்பிக்கை காப்புறுதி. முன் அறை கட்ட வங்கியில் கடன் எடுத்தபோது கட்டாயம் என்று எழுத வைத்தது அது. தம்பி காலிதீன் இந்த விசயங்கள் கொஞ்சம் தெரிந்தவர். காற்று உடைத்ததற்குத் தருவார்கள், கூரை மரம் பழசாகி உக்கிப் போனதற்குத் தரமாட்டார்கள், அதனால் வருகிற ஆளிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு, முந்தி ஒழுகிய கதையை எடுக்கவே எடுக்காதே என்று படித்துப் படித்துச் சொன்னார். ஹப்ஸா தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பியது காலிதீனின் பிழை.

காப்புறுதிக் கம்பனியிலிருந்து பஹ்மி என்ற பொடியன் வந்தான். ஏணி வைத்து ஏறினான், படம் எடுத்தான், ஓடு தாங்கும் சலாகைகளைக் குத்திப் பார்த்தான். முன்பக்கத்து உடைசல் புதியது, காற்று உடைத்ததுதான் என்று உடனே எழுதிவிட்டான். பின்பக்கத்துச் சலாகை கறுத்திருந்தது. பழைய உக்கலா, இந்த மழையின் ஈரமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. இறங்கி வந்து குசினியைச் சுற்றிப் பார்த்தான். இவ்வளவு மழைக்கும் நிலம் எப்படி இப்படி மினுங்குகிறது என்று மனதாரக் கேட்டான்.

போதாதா! ஹப்ஸாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"மூணு மாரியா ஒழுகுது மகன். எட்டு இடத்துல பேசின் வெச்சி, ஒரு துளி நிலத்துல உழ உட்டதில்ல."

திரைக்குப் பின்னால் அப்னா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பஹ்மியின் பேனை நின்றது. நல்ல பொடியன், அவனுக்கும் சங்கடம். மூன்று வருடமாக ஒழுகிய கூரையைப் புயல் கெடுத்தது என்று எழுத முடியாது என்று மெதுவாக விளங்கப்படுத்தினான். இந்த மழைக்குத்தான் முதல் முதல் ஒழுகியது என்று ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னால் அந்த எட்டுப் பேசினும் பொய்யாகிவிடுமே! அவளுக்கு அது முடியவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. முன்பக்கத்துக்கு, கூரையின் வயதுக்கென்று ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, மிச்சம் தருவார்களாம். பின்பக்கத்துக்கு ஒன்றும் இல்லை. அப்னா மூன்று நாள் உம்மாவோடு கதைக்கவில்லை. முன்பக்கம் தகரம் ஏறியது, பின்பக்கத்தில் ஓட்டைக்கு மேலே கட்டிய தறப்பாள் படபடத்தது.

ஊருக்கு அது வேறு கதையாகப் போய்ச் சேர்ந்தது. சொந்தக் கூரை போனாலும் பொய் சொல்லாத ஈமான்தாரி என்று கடைக்குக் கடை பேச்சு. அந்தப் பேச்சு மருதமுனைக்கும் போய், ஒரு பின்னேரம் மைமூனாவே வந்துவிட்டாள். தறப்பாளை அண்ணாந்து பார்த்தாள். தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு, இப்படி உண்மை கதைக்கிற உம்மாவின் பிள்ளை கிடைக்கக் கொடுத்து வைக்க வேண்டும், கூரைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை, சொன்ன திகதியிலேயே நிக்காஹ்வை வைப்போம் என்றாள்.

அப்னாவின் முகம் மலர்ந்தது. ஹப்ஸாவுக்கும் கண் நிறைந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மகள் பார்த்த பார்வையும் அதைத்தான் கெஞ்சியது. ஆனால் தனக்கில்லாத பேரை வாங்கி வைப்பது, வேறு யாருடைய உடுப்பையோ உடுத்திக்கொண்டு நிற்கிற மாதிரி அவளுக்குக் கூசியது.

"மைமூனா, நான் உண்மை சொல்லோணும் எண்டு சொல்லல்ல. என்ட நிலத்த அந்தப் பொடியன் மெச்சினான். பெருமையில வாய் உளறிட்டன். யோசிச்சிருந்தா மறைச்சிருப்பன்."

அப்னா குனிந்து நிலத்தைப் பார்த்தாள். மைமூனா தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். கோப்பையை வைத்துவிட்டு மறுபடியும் தறப்பாளைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழம றஸ்மிய அனுப்புறன் ராத்தா. பின்பக்கத்துக்குத் தகரம் அவன் கொண்டு வந்து போடட்டும். அவன் இருக்கப்போற ஊடுதானே."

மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குக் கூரை போட்டதை ஹப்ஸா தன் ஆயுசில் கேள்விப்பட்டதில்லை. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அன்றைக்குத்தான் அந்த வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.