ஹாட்டியின் அண்ணன்

1882ஆம் வருஷம். கன்சாஸ் மாநிலத்தின் ஒரு சின்ன ஊர். நியூயார்க்கிலிருந்து ரயிலேற்றி அனுப்பிய அநாதைப் பிள்ளைகளை நாடகக் கொட்டகை மேடையில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வேலைக்கும் வளர்க்கவும் பிள்ளை எடுத்துப்போக வந்த விவசாயிகள் மேடையேறி, கையை அமுக்கிப் பார்த்தார்கள், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்கள். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிற மனிதர்கள்தான் எல்லோரும்.

ஹாட்டிக்கு ஏழு வயது. பக்கத்தில் நின்ற கிளெம்முக்குப் பத்து. இருவருக்கும் ரயிலில்தான் பழக்கம். தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவளுக்குக் கொடுத்தவன் அவன். ஓட்டோ வோகல் என்ற ஜெர்மன்காரர் கிளெம்மின் தோளைத் தட்டிப் பார்த்து, "இவன் போதும்" என்றதும் ஹாட்டி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள்.

"எங்க அண்ணன்! எங்க அண்ணனைக் கூட்டிட்டுப் போகாதீங்க!"

கிளெம் ஒரு நொடிதான் யோசித்தான். "ஆமாங்கய்யா, என் தங்கச்சி."

வோகலின் மனைவி ஒட்டீலி இளகிப்போய் இருவரையும் கேட்டு வாங்கினாள். பிள்ளைகளை அழைத்து வந்த அதிகாரி, குடும்பப் பெயரே இல்லாத கிளெம்முக்கு ஹாட்டியின் குடும்பப் பெயரையே ஏட்டில் எழுதிவிட்டார். பிழைத்தோம் என்றுதான் இரண்டும் நினைத்தன.

பத்து வருஷம் ஒன்றாகச் சோளம் ஒடித்தார்கள், பால் கறந்தார்கள். அது எப்போது காதலாயிற்று என்று கேட்டால் ஹாட்டிக்குச் சொல்லத் தெரியாது. 'என்ன பாசமான அண்ணன் தங்கை' என்று ஊர் மெச்சும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றுவாள்.

வருஷத்துக்கொரு முறை பிள்ளைகளைப் பார்க்க வரும் அதே அதிகாரி வந்திருந்த நாளில், கிளெம் துணிந்து உண்மையைச் சொல்லி, கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டான்.

"அட கடவுளே! கூடப்பொறந்தவளையாடா?" ஒட்டீலி காதைப் பொத்திக்கொண்டாள்.

"கூடப்பொறக்கலம்மா. அன்னைக்கு நாங்க பொய் சொன்னோம்" என்று ஹாட்டி அழுதாள்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். "அன்னைக்கும் இப்படித்தான் அழுதே. எந்த அழுகையைம்மா நான் நம்பறது?"

வோகல் மேசையைத் தட்டினார். "பொய்யின்னா ரெண்டு பேரும் என்னை ஏமாத்தியிருக்கீங்க. இவளை இன்னைக்கே வேற வீட்டுல கொண்டுபோய் விடுங்க. நெசமாவே தங்கச்சின்னா அவ இருக்கட்டும், இந்தப் பய வெளியே போகட்டும்."

பதினெட்டு ஆகும்வரை அவள் அதிகாரியின் பொறுப்பு. அதற்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. எந்த வீட்டில் விட்டார் என்று கிளெம்முக்குச் சொல்லவும் மாட்டார். அதே ரயிலில் வந்த ஒரு பெண் அப்படி வீடு மாறி வீடு மாறி, ஐந்தாவது வீட்டுக் கிணற்றில் மிதந்ததைக் கிளெம் பார்த்திருந்தான்.

"என் தங்கச்சிதான்" என்றான். "தப்பு என்னோடது. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

பாவிகள், ஒரு குழந்தையின் பொய்யை நம்பத் தெரிந்தவர்களுக்கு வளர்ந்தவளின் உண்மையை நம்ப முடியவில்லை. வேலியோரம் அவன் அவசரமாகச் சொன்னான்: "ஒரே வருஷம் பல்லைக் கடிச்சிட்டு இரு. பதினெட்டு ஆன அன்னைக்கு வந்து நிப்பேன்."

கொலராடோவில் வெள்ளிச் சுரங்கத்தில் சேர்ந்தான். ஒட்டீலி பிரித்துப் படித்த பிறகே கடிதம் ஹாட்டி கைக்கு வரும் என்பதால், 'அன்புத் தங்கைக்கு' என்றே எழுதினான். அவளுக்குப் பதினெட்டு ஆக நாற்பது நாள் இருக்கையில், சுரங்கம் சரிந்து அவன் செத்தான் என்ற செய்தி வந்தது.

ஒட்டீலி கெட்டவள் இல்லை. தானே கறுப்புத் துணி வாங்கி, துக்க உடை தைத்துக் கொடுத்தாள். அந்த ஊர் வழக்கப்படி கூடப்பிறந்தவனுக்கு ஆறு மாதம் கறுப்பு, கணவனுக்கு இரண்டு வருஷம். ஆறு மாதம் முடிந்த அன்று காலை நீல உடை ஒன்றைக் கட்டிலில் வைத்தாள்.

"போதும்டி, கழட்டிடு. அண்ணனுக்கு ஆறு மாசந்தான்."

"இன்னும் ஒண்ணரை வருஷம் இருக்கும்மா" என்றாள் ஹாட்டி.

ஒட்டீலி அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு நீல உடையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.