பியேலா அருவி நின்ற மதியம்

பக்கத்து அறையிலிருந்து அந்த அலறல் வந்தபோது முனிபா பிட்டா என்ற அடுக்குப் பலகாரத்துக்கான மாவை மேசை முழுக்க இழுத்து விரித்துக்கொண்டிருந்தாள். கீழே போட்ட துணியின் பூக்கள் தெரியும் அளவுக்கு மெல்லிய மாவு. விரல் பட்டு நடுவில் கிழிந்துபோயிற்று.

ஓடு என்றது மனம். ஆனாலும் ஒரு கணம் நின்று காது கொடுத்தாள். அலறலுக்குப் பிறகு எதுவுமே கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இரவும் பகலும் கொட்டிக்கொண்டிருக்கும் பியேலா அருவியின் சத்தம் இல்லை.

"யா அல்லா!"

உள்ளே, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் தரையில் சுருண்டு கிடந்தார் அவள் கணவர் ஹைருதீன். இரண்டு கைகளும் தலைமேல். மதியச் சாப்பாடு முடிந்து படுத்தவர்.

"தண்ணி எங்க, முனிபா?"

"வந்துடும். மேல ஏதோ வேலை செய்யறாங்க போல."

"சத்தமே இல்லையே. இறங்கி வர்றாங்களா?"

"யாரும் வரல. நான்தான் வந்திருக்கேன். பாருங்க, மாவுக் கையோட பிடிச்சு உங்க சட்டையே பாழ். எழுந்திருங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. அவளும் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

போரின்போது ஹைருதீன் ஒரு நிலவறையில் அடைபட்டுக் கிடந்தவர். வெளியே குண்டு விழுந்துகொண்டிருக்கும்வரை உள்ளே யாருக்கும் பயமில்லையாம். சத்தம் நின்றால்தான் பயம். சத்தம் நின்றால் காவல்காரர்கள் படியிறங்கி வந்து யாரையாவது கூட்டிப்போவார்கள். கூட்டிப்போனவர்கள் திரும்பியதில்லை. போர் முடிந்து எத்தனையோ வருடம் ஆகியும் அவர் காதுக்கு அது முடியவில்லை.

இருவரும் ஆஸ்திரியாவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் அகதிகளாக இருந்த காலத்தில், அவர் தூங்குவதற்காக முனிபா குளியலறைக் குழாயைத் திறந்தே விட்டிருப்பாள். கீழ்வீட்டுக்காரி கதவைத் தட்டித் திட்டுவாள். முனிபா தெரிந்த நான்கு ஜெர்மன் வார்த்தைகளில் மன்னிப்புக் கேட்பாள். கீழ்வீட்டுக்காரி போனதும் மறுபடி திறந்துவிடுவாள். இளமை முழுவதும் அப்படித்தான் போயிற்று, ஒரு குழாயைத் திறப்பதிலும் மூடுவதிலும்.

பிறகு எங்கள் ஊரான லீப்பாவுக்கே திரும்பி, அருவிக்கடியில் இருந்த மாமனாரின் இடிந்த வீட்டைக் கட்டி எழுப்பினார்கள். கூரை போட்ட முதல் இரவு அவர் விடியும்வரை அசையாமல் தூங்கினார். முனிபா தூங்கவே இல்லை. அவர் மூச்சு விடுவதைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

அதன்பின் வாழ்க்கை நடந்தது. கோடையில் மோஸ்டார் நகரத்திலிருந்து பேருந்துகள் வரும். அருவியின் சாரலில் நனைந்து, வானவில்லோடு படம் எடுத்து, பசியோடு படியேறி வருகிறவர்களுக்கு முனிபாவின் கடையில் சுடச்சுடப் பாலாடைக்கட்டி பிட்டா இருக்கும். "இந்தச் சத்தத்தில் எப்படித் தூங்குகிறீர்கள்?" என்று ஒவ்வொருவரும் கேட்பார்கள். அவள் சிரித்துவிட்டு இன்னொரு துண்டு வைப்பாள்.

வாசலில் செருமல் கேட்டது. ஹைருதீனின் அண்ணன் ராமிஸ். கையில் ஒரு உறை, முகமெல்லாம் சந்தோஷம்.

"என்னம்மா, வீடே இப்படி அமைதியா இருக்கு? பேசறது காதுல விழுதே!"

"நீங்க பண்ற வேலையா மச்சான் இது?"

"நான் எங்க பண்ணேன்? கம்பெனிக்காரங்க தண்ணியைப் பழைய வாய்க்கால்ல திருப்பி அளவு பாக்கறாங்க. ஒரு மணி நேரத்துக்கு இந்தப் பாடா?"

முனிபா முதல் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். ஹைருதீன் முகம் கழுவிக்கொண்டு வந்து அண்ணன் எதிரில் உட்கார்ந்தார்.

அருவிக்கு மேலே மின்நிலையம் வரப்போகிறது. தண்ணீரைக் குழாய்க்குள் விட்டுக் கீழே கொண்டுபோவார்கள். குழாய் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான பிளம் தோட்டத்தின் வழியாகத்தான் போகவேண்டும். ராமிஸ் கையெழுத்துப் போட்டுவிட்டார். உறையிலிருந்த ஒப்பந்தத்தில் பாக்கி ஹைருதீன்தான்.

"என் பையன் மெஹோ ஜெர்மனியில லாரி ஓட்டிக்கிட்டு லாரியிலேயே தூங்கறான்டா. இங்க அவனுக்கு வேலை தர்றேன்னு சொல்றாங்க. உன் அண்ணி தினமும் அவன் சட்டையை எடுத்து மோந்து பாத்துட்டு வைக்கிறா. நான் வேற என்ன கேக்கறேன்?"

முனிபா இரண்டாவது காபியை ஊற்றினாள். "அப்போ அருவி?"

"சனி ஞாயிறு திறந்து விடுவாங்கம்மா. டூரிஸ்ட் வர்ற நாளு. உன் பிட்டா வியாபாரம் எங்கேயும் போகாது."

"திங்கக்கிழமை இவர் எங்க தூங்குவாரு மச்சான்?"

"மாத்திரை போட்டுக்கட்டும்! டேய், உன் பொண்டாட்டி நாக்கு அவ இழுக்கற மாவை விட நீளம்டா."

அந்த நேரத்தில் மேலே எங்கோ மதகைத் திறந்துவிட்டார்கள். முதலில் ஒரு முனகல். பிறகு பாறை அதிர முழு அருவியும் வந்து விழுந்தது. ஹைருதீனின் தோள்கள் மெல்ல இறங்கின. அலறலுக்குப் பிறகு இப்போதுதான் அவர் சரியாக மூச்சு விடுகிறார் என்று முனிபாவுக்குத் தெரிந்தது. அண்ணனுக்குத் தெரியவில்லை.

"ஹைரு," ராமிஸின் குரல் உடைந்தது. "கால்ல குண்டு பட்டு நீ கிடந்தப்போ உன்னை முதுகில கட்டிக்கிட்டு மலை ஏறினேன். விட்டுட்டுப் போண்ணான்னு அழுதே. விட்டேனா? இதுவரைக்கும் உங்கிட்ட எதையாவது கேட்டிருக்கேனா?"

"இல்லண்ணா."

ராமிஸ் விரித்து வைத்த ஒப்பந்தத்தின் மேலிருந்து ஹைருதீன் பேனாவை எடுத்தார். அண்ணனுக்கு இல்லை என்று சொல்ல அந்த மனிதருக்கு வாயே கிடையாது. தன்னையே கொடுத்துவிடுவார்.

முனிபா சமையலறைக்குள் போனாள். தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். இந்தத் தடவை சர்க்கரை இல்லை, மிட்டாய்த் தட்டு இல்லை. ஒரே ஒரு கோப்பையைக் கொண்டுவந்து ராமிஸின் முன்னால் வைத்தாள்.

எங்கள் வீடுகளில் முதல் காபி வரவேற்புக்கு. இரண்டாவது பேச்சுக்கு. கேட்காமலே மூன்றாவது வந்தால், எழுந்து போகலாம் என்று அர்த்தம். நேரம் காலம் தெரியாமல் உட்கார்ந்து கழுத்தறுக்கிற அயலாருக்கு அதைக் கொடுத்துவிட்டுப் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். கூடப் பிறந்தவனுக்கு யாரும் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ராமிஸ் கோப்பையையே பார்த்தார். "இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான் மச்சான்."

"தெரிஞ்சுதான் வச்சியா?"

"தெரிஞ்சுதான்." அவள் கன்னங்களில் கண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை.

"ஹைரு! உன் வீட்டுல எனக்கு என்ன குடுக்கறாங்கன்னு பாத்தியா? நீ உக்காந்திருக்கியேடா!"

ஹைருதீன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கோப்பையை நோக்கிக் கையை நீட்டினார். முனிபா அந்தக் கையையே பார்த்தாள். அதை எடுத்து ஓரமாக வைத்து, அறியாமல் செய்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த வீட்டில் அவள் வாழ்ந்த வாழ்க்கைக்கே அர்த்தமில்லை.

அவர் கோப்பையை அண்ணன் பக்கமாக மெல்ல நகர்த்தினார்.

"ஆறிடும். குடிங்கண்ணா."

ராமிஸ் குடித்தார். கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கு. கையெழுத்தில்லாத ஒப்பந்தத்தை உறைக்குள் மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"அன்னிக்கு மலை மேல நீ கனமாவே இல்லடா," என்றார். "இன்னிக்குத்தான் கனக்கறே."

வாசலில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டப் பார்த்தார். முதுகு வளையவில்லை. ஹைருதீன் மண்டியிட்டு, அண்ணனின் இரண்டு காலிலும் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டார். ராமிஸ் தடுக்கவில்லை. தம்பியின் தலையைத் தொடப்போன கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

படியிறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. வேலிக்கதவு வரை கூடப்போய் வழியனுப்புவதுதான் வழக்கம். ஹைருதீன் போகவில்லை. அண்ணனின் முதுகு பிளம் மரங்களுக்குப் பின்னால் மறையும்வரை நின்றார். பிறகு கதவைச் சாத்தினார்.